சவரக்கத்திக்கு எந்தக் கல்?

எங்கள் பேராவூரணிப் பக்கம் கல் கிடையாது. தோண்டினால் மணல் வரும், களி வரும். மேற்கே புதுக்கோட்டைப் பக்கம் போனால் செம்புறாங்கல், அதையும் தாண்டினால்தான் பாறை. அம்மி, ஆட்டுக்கல், உரல் எல்லாமே வெளியூரிலிருந்து வண்டியேறி வந்தவை. அப்படிப்பட்ட ஊரில் சவரக்கத்தியை எதில் தீட்டினார்கள் என்ற கேள்வி எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் வந்தது. அதற்குள் ஜப்பான் கல், அமெரிக்கக் கல் என்று நான்கைந்து வாங்கி வைத்திருந்தேன். அந்தக் கற்களைப் பற்றியும், கடைசியில் எதைப் பிடித்துக்கொண்டேன் என்பதைப் பற்றியும் இந்தக் கட்டுரை.

அடப்பம்

அடப்பம் என்பது நாவிதரின் கருவிப்பை. வெற்றிலைப் பைக்கும் அதே பெயர் உண்டு. எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறையாக முடிவெட்ட வந்த பெரியவரிடம் ஓர் அடப்பம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவார். மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில்தான் வேலை. கூலி அன்றன்று கிடையாது, அறுவடை முடிந்ததும் களத்தில் நெல். தாத்தாவுக்குச் சவரம் செய்வதற்கு முன் கிண்ணியில் தண்ணீர் எடுத்து, கன்னத்தில் தேய்த்துக்கொண்டே இருப்பார். சோப்பெல்லாம் பிற்பாடு வந்தது. அப்புறம் கத்தியைத் தோல்வாரில் நாலு இழுப்பு. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்டது. பெரியவர் வீட்டுக் கூரையும் போயிற்று. ஊருக்குப் போயிருந்த நான் சாமான்களை எடுத்து அடுக்க உதவினேன். அப்போதுதான் அடப்பத்தைத் திறந்து பார்த்தேன். இரண்டு சவரக்கத்தி, ஒரு கத்தரி, நகவெட்டி, கிண்ணி, ஒரு தோல்துண்டு, இரண்டு கல்.

ஒரு கல்லை உடனே அடையாளம் தெரிந்தது. ஒரு பக்கம் கரகரப்பு, மறு பக்கம் கொஞ்சம் மிருது, கடையில் விற்கிற கார்போரண்டம் கல். இன்னொன்று உள்ளங்கை நீளத்துக்குக் கறுப்பாக, மெல்லிசாக இருந்தது. ஒரு பக்கம் தேய்ந்து வழவழவென்றிருந்தது. திருப்பிப் பார்த்தால் மங்கலாக நாலு கோடு கீறியிருந்தது. அது உடைந்த கல்சிலேட்டு. ஒன்றாம் வகுப்பில் நாமெல்லாம் "அ" எழுதிப் பழகிய அதே சிலேட்டு.

"எம் மவன் பள்ளிக்கூடத்துல ஒடச்சது தம்பி. அதுக்கு முந்தி எங்கப்பா வச்சிருந்த கல்லு ஒண்ணு இருந்துச்சு. அது தேஞ்சு போச்சு. இதுவும் அதே சாதிக் கல்லுதான், தேச்சுப் பாத்தேன், ஒத்து வந்துச்சு" என்றார்.

இதை அன்றைக்கு வெறும் சுவாரசியமான தகவலாகத்தான் எடுத்துக்கொண்டேன். 2020 ஊரடங்கில் சலூன்கள் மூடியபோது நானே சவரக்கத்தியைக் கையில் எடுத்த பிறகுதான் அவர் சொன்னதன் கனம் புரிந்தது.

கத்தியின் கணக்கு

முதலில் கத்தி. சவரக்கத்தியைத் தீட்டும்போது கோணம் பார்த்துப் பிடிக்கும் வேலை இல்லை. கத்தியைக் கல்லின் மேல் அப்படியே படுக்கவைத்தால் போதும். கத்தியின் முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். முதுகின் தடிமன்தான் கோணத்தை முடிவு செய்கிறது. என் கத்தியின் முதுகு 5 மில்லிமீட்டர், அகலம் 18 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால் வாயின் மொத்தக் கோணம் சுமார் 16 பாகை வரும். தேங்காய் வெட்டுகிற அரிவாளுக்கு இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கும். கத்தி தேயத் தேய முதுகும் சேர்ந்து தேய்வதால் கோணம் பெரிதாக மாறாது. யோசித்துச் செய்த வடிவமைப்பு.

16 பாகையில் முடிகிற வாயின் நுனி ஒரு மைக்ரானுக்கும் குறைவான தடிமனுக்கு வரவேண்டும். மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தாடி முடி ஒன்றின் தடிமன் 100 மைக்ரானை ஒட்டி இருக்கும். அவ்வளவு மெல்லிய நுனி என்பதால் சின்னத் தவறும் தெரிந்துவிடும். முகத்தில் இழுக்கும், எரியும்.

எஃகைவிட முடி ஏறக்குறைய ஐம்பது மடங்கு மிருதுவானது. அப்படியிருந்தும் முடி வெட்டி வெட்டிக் கத்தி எப்படி மழுங்குகிறது? எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் 2020 ஆகஸ்ட்டில் 'சயின்ஸ்' இதழில் இதற்கு விடை சொன்னார்கள். கத்தியின் வாய் சீராகத் தேய்வதில்லை. முடி வளைந்து நின்று ஒரு பக்கமாக அழுத்தும்போது, எஃகின் உள்கட்டமைப்பு சீரற்றிருக்கும் இடங்களில் வாயில் நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. முடியைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்தால் அது மிருதுவாகிறது. பெரியவர் தாத்தாவின் கன்னத்தை அவ்வளவு நேரம் தேய்த்தது தாத்தாவுக்காக மட்டும் இல்லை, கத்திக்காகவும்தான்.

கல்லின் வேலை, அந்தச் சில்லுகள் போகும்வரை எஃகைத் தேய்த்து, புது வாய் கொடுப்பது. ஆனால் கல்லில் உள்ள ஒவ்வொரு துகளும் எஃகில் ஒரு கீறலை விட்டுப்போகும். வாய் வரை ஓடிவந்த கீறல், வாயில் ஒரு பல்லாக நிற்கும். அதனால்தான் கரடான கல்லில் தொடங்கி, படிப்படியாக மிருதுவான கல்லுக்குப் போகிறோம். முந்தைய கல்லின் கீறலை அடுத்த கல் அழிக்க வேண்டும்.

எண்ணும் தண்ணீரும்

கடையில் வாங்கும் கல்லில் 1000, 4000, 8000 என்று கிரிட் எண் போட்டிருப்பார்கள். ஜப்பானியத் தர அளவின்படி 1000 என்றால் துகளின் சராசரி அளவு சுமார் 11.5 மைக்ரான், 4000 என்றால் 3, 8000 என்றால் 1.2. எண் கூடக்கூடத் துகள் சின்னதாகும்.

இதில் கஷ்டமான வேலை துகளைச் சின்னதாக்குவது இல்லை. இடித்தால் தூளாகிவிடும். ஒரே அளவுத் துகளாகப் பிரிப்பதுதான் கஷ்டம். ஆயிரம் நுண்துகளுக்கு நடுவில் ஒரே ஒரு பெரிய துகள் கிடந்தாலும் அது வாயில் ஒரு கோடு கிழித்துவிடும். சல்லடையில் சலிக்கலாம் என்றால் இவ்வளவு சின்னக் கண்ணுள்ள சல்லடை எளிதில் கிடையாது. பழைய வழி தண்ணீர். தூளைத் தண்ணீரில் கலக்கி வைத்தால் பெரியது முதலில் அடியில் படியும், சின்னது மிதந்துகொண்டே இருக்கும். மேல்தண்ணீரை வேறு பாத்திரத்தில் இறுத்துவிட்டால் சின்னத் துகள் தனியே வந்துவிடும்.

எவ்வளவு நேரம் வைக்க வேண்டும்? ஸ்டோக்ஸ் விதிப்படி கணக்குப் போட்டுப் பார்த்தேன். 10 மைக்ரான் குருந்தத் துகள் 10 சென்டிமீட்டர் தண்ணீரில் இறங்கச் சுமார் 10 நிமிடம். 1 மைக்ரான் துகளுக்கு அதைப்போல நூறு மடங்கு, ஏறக்குறைய 17 மணி நேரம். அளவு பத்தில் ஒரு பங்கானால் நேரம் நூறு மடங்கு. அதுவும் தண்ணீர் அசையாமல் இருந்தால்தான். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

குருந்தம் நம்ம ஊர்ச் சொல்

குருந்தம் என்றேன். வைரத்துக்கு அடுத்தபடியாகக் கடினமான இயற்கைக் கனிமம், மோ அளவில் 9. மாணிக்கமும் நீலமும் இதன் நிறமுள்ள, தெளிந்த வடிவங்கள். உலகம் முழுக்கக் 'கொரண்டம்' என்று சொல்லும் சொல், தமிழின் குருந்தத்திலிருந்து போனது. வடமொழியில் குருவிந்தம். 1798-ல் சார்லஸ் கிரெவில் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆசியாவின் குருந்தக் கல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். 1802-ல் பூர்னோன் பிரபு, கர்நாடகப் பகுதியிலிருந்து வந்த குருந்தம் பொதிந்திருந்த வெள்ளைப் பாறைக்கு 'இந்தியனைட்' என்று பெயர் வைத்தார். அன்றைக்கு அவர்கள் கர்நாடகம் என்றது நம் தமிழ்நாட்டுச் சமவெளியையும் சேர்த்து. அந்த வகைப் பாறைக்குப் பேர்போன இடம் இன்றைய நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி. சந்திரயான்-2 சோதனைக்காக இஸ்ரோ நிலவு மண் மாதிரி செய்ய எடுத்துப்போனது அந்தச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறையைத்தான்.

நம் நாட்டுப் பழைய சாணைச் சக்கரம் குருந்தத்தூளை அரக்கில் குழைத்துச் செய்தது. அரக்கைச் சூடாக்கி, தூளைச் சேர்த்துச் சக்கரமாக வார்த்துவிடுவார்கள். தேய்ந்துபோனால் உருக்கித் திரும்ப வார்க்கலாம். ரத்தினக்கல் பட்டைதீட்டவும், வாள் சாணைபிடிக்கவும் அது போதும்.

எஃகு விஷயத்திலும் இதே கதைதான். தமிழில் உருக்கு, கன்னடத்தில் உக்கு, ஐரோப்பாவில் ஊட்ஸ். லண்டன் கத்தி வியாபாரி ஜேம்ஸ் ஸ்டோடார்ட் தன் கடை அட்டையிலேயே, ஐரோப்பாவின் சிறந்த எஃகைவிட இந்திய ஊட்ஸையே தான் விரும்புவதாக அச்சடித்து, அதில் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்து விற்றார். மைக்கேல் ஃபாரடே அவரோடு சேர்ந்து எஃகுக் கலவைகளைச் சோதித்து 1820-ல் கட்டுரை எழுதினார். மின்சாரத்துக்கு முந்தைய ஃபாரடே!

குருந்தம் இன்னொரு வழியிலும் சுற்றி வந்தது. 1890-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எட்வர்ட் அச்சிசன் மின்னுலையில் ஒரு புதுப் பொருளைச் செய்தார். கார்பனும் குருந்தமும் சேர்ந்தது என்று நினைத்துக் 'கார்போரண்டம்' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது சிலிக்கன் கார்பைடு, குருந்தத்தைவிடவும் கடினம். பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1954-ல் முருகப்பா குழுமம் வெளிநாட்டு நிறுவனங்களோடு சேர்ந்து சென்னையில் கார்போரண்டம் யுனிவர்சலைத் தொடங்கியது. நம்மிடமிருந்து போன சொல் அமெரிக்கா போய்ப் பாதி உருமாறி, பெரியவரின் அடப்பத்துக்கே திரும்பி வந்திருக்கிறது.

ஆனால் குருந்தமும் கார்போரண்டமும் சவரக்கத்திக்குத் தொடக்க வேலைக்குத்தான். சில்லு விழுந்த வாயைச் சரிசெய்யலாம். முகத்தில் வைக்கிற பதத்துக்கு, சாதாரணக் கார்போரண்டம் கல் ரொம்பக் கரடு. பெரியவரும் அதை வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்தால் அதிகம் என்றார்.

உலகம் விரும்பிய நாலு கல்

சவரக்கத்திப் பிரியர்கள் கொண்டாடுகிற இயற்கைக் கற்கள் நாலு.

முதலாவது பெல்ஜியத்தின் ஆர்டென் மலையில், வீல்சால்ம் வட்டாரத்தில் எடுக்கும் மஞ்சள் நிறக் கோட்டிக்கூல். அதில் வேலை செய்வது கார்னெட் துகள். நம் தூத்துக்குடி, கன்னியாகுமரிக் கடற்கரை மணலில் சிவப்பாக மின்னுமே, அந்தக் குடும்பம். வியப்பு என்னவென்றால் அந்தத் துகள்கள் 5 மைக்ரான், அதற்கு மேலும் உண்டு. எண்ணை மட்டும் பார்த்தால் இது நடுத்தரக் கல். ஆனால் அது தரும் வாய் மிக மிருது. காரணம் வடிவம். கார்னெட் பல முகம் கொண்ட உருண்டை மாதிரி, அதன் முனைகள் விரிகோணம். எஃகில் ஆழமாக இறங்காமல் மேலாக உழுகிறது. துகளின் அளவைவிடக் கீறலின் ஆழம்தான் முக்கியம் என்று எனக்குப் புரியவைத்த கல் இது.

இரண்டாவது ஜெர்மனியின் தூரிங்கியா கல். எஷர் நிறுவனம் லேபிள் ஒட்டி உலகமெங்கும் விற்றது. இன்று பழைய கற்கள் மட்டுமே கைமாறுகின்றன. இது சிலேட்டுக் கல். மூன்றாவது ஜப்பானின் கியோட்டோ பக்கத்து நக்கயாமா. கடலடியில் படிந்த, கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா ஓட்டு உயிரிகளின் மிச்சம் நிறைந்த கல். நாலாவது அமெரிக்காவின் அர்க்கன்சாஸ் கல், ஏறக்குறைய சுத்தமான நுண்படிகக் குவார்ட்சு. இதன் பாறைப் பெயர் நோவாகுலைட். லத்தீனில் நோவாகுலா என்றால் சவரக்கத்தி.

நாலுக்கும் பொதுவான ஒன்று உண்டு. நாலுமே பழைய கடலடியில் படிந்தவை. ஆற்றுத் தண்ணீர் கடலுக்குள் போகும்போது ஜல்லி கரையிலேயே நின்றுவிடும், மணல் கொஞ்ச தூரம் போகும், நுண்சேறு மட்டும் அசையாத ஆழத்தில் மெள்ள மெள்ளப் படியும். நான் மேலே போட்ட 17 மணி நேரக் கணக்கை இயற்கை லட்சக்கணக்கான வருஷம் போட்டிருக்கிறது. பிறகு மேலிருந்து அழுத்தமும் வெப்பமும் சேர்ந்து கல்லாக்கின. நல்ல சவரக்கல் என்பது தண்ணீர் சலித்துக்கொடுத்த சேறு.

இதைப் படித்து முடித்த இரவில்தான் பெரியவரின் சிலேட்டுத் துண்டு ஞாபகம் வந்தது. சிலேட்டும் அதே சேறுதான். மைக்காவும் களியும் சேர்ந்த மெத்தையில் நுண்ணிய குவார்ட்சுத் துகள். அந்தக் காலத்துக் கல்சிலேட்டுக்குப் பேர்போன ஊர் ஆந்திராவின் மார்க்காபுரம். கல்லில்லாத எங்கள் ஊருக்கு அது பள்ளிக்கூடம் வழியாக வந்திருக்கிறது. எங்கள் ஊர் கல்லணைக் கால்வாயின் கடைமடை. தண்ணீர் நின்றபின் வாய்க்காலில் இறங்கினால் காலில் வெண்ணெய் மாதிரி ஒட்டுமே வண்டல், அதைப் பல கோடி வருஷம் புதைத்து வைத்தால் அதுவும் இப்படியொரு கல்லாகலாம்.

உளுந்து நிறக் கல்

இன்னும் ஒரு சான்று கிடைத்தது. சுசுருத சம்ஹிதையின் சூத்திரஸ்தானம், 8-ஆம் அத்தியாயம் அறுவைக் கருவிகளைப் பற்றியது. கருவியைத் தீட்ட வழவழப்பான, உளுந்து நிறக் கல் வேண்டும் என்கிறது. தீட்டிய வாயைப் பதப்படுத்தி நிறுத்த இலவ மரப் பலகை வேண்டும் என்கிறது. முடியை வெட்டினால் கருவி தீட்டியாயிற்று என்று பொருள்.

இதை வாசித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தோலுள்ள உளுந்தின் நிறம் பெரியவரின் சிலேட்டு நிறம்தான். இலவ மரமும் லேசான காரியம் இல்லை. இன்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சவரக்கத்திக்காரர்கள் பல்சா மரப் பலகையில் பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பசையைத் தடவிக் கத்தியை இழுக்கிறார்கள். பல்சாவும் இலவமும் ஒரே தாவரக் குடும்பம். இரண்டுமே மென்மையான, லேசான மரம். தோல்வாருக்கும் இதே வேலைதான். அது எஃகைத் தேய்ப்பதைவிட, கல் விட்டுப்போன நுண்பிசிறை நேராக்கி, வாயை ஒழுங்குபடுத்துகிறது.

எங்கள் பக்கம் நாவிதருக்கு மருத்துவர் என்று பெயர். கட்டி கீறுவதும் புண்ணுக்கு மருந்து வைப்பதும் அந்த வீட்டு ஆண்கள். பிரசவம் பார்ப்பது அந்த வீட்டுப் பெண்கள், மருத்துவச்சி. அறுவைக்கத்தியும் சவரக்கத்தியும் ஒரே பையில் இருந்த தொழில் அது. சுசுருதரின் கல்லும் அடப்பத்துக் கல்லும் ஒன்றுபோல இருப்பதில் அதிசயம் இல்லை.

சோதனை

நான் மென்பொருள்காரன். இரண்டில் எது மேல் என்றால் கண்ணைக் கட்டிச் சோதிக்கத் தோன்றும். ஒரே மாதிரியான இரண்டு கத்திகளை 8000 வரை ஒரே மாதிரி தீட்டினேன். கடைசிப் படிக்கு ஒன்றை 12000 எண் ஜப்பானியச் செயற்கைக் கல்லிலும், மற்றதைப் பெரியவர் கொடுத்த சிலேட்டிலும். இரண்டும் தோல்வாரில் ஐம்பது இழுப்பு. எது எதுவென்று மனைவிக்கு மட்டும் தெரியும். பத்துச் சவரம். எது சிலேட்டுக் கத்தி என்று ஒவ்வொரு நாளும் எழுதி வைத்தேன். பத்துக்கு ஆறு தடவை சரி. காசைச் சுண்டிப்போட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

பத்து முறை என்பது பெரிய சோதனை இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நான் காசு கொடுத்து வாங்கிய கல்லுக்கும் பள்ளிக்கூடத்தில் உடைந்த சிலேட்டுக்கும் வித்தியாசத்தை என் கன்னம் சொல்லவில்லை.

இரண்டு கத்திகளையும் ஊருக்கு எடுத்துப்போனேன். பெரியவருக்குக் கை நடுங்குகிறது, இப்போது தொழில் செய்வதில்லை. சிறுவயதில் நாங்கள் அவரைப் பேர் சொல்லி, "நீ, வா, போ" என்றுதான் கூப்பிட்டோம். ஆறு வயசுப் பையன் அறுபது வயசுக்காரரை. எங்கள் வீட்டில் யாரும் அதைத் தப்பென்று சொல்லித்தரவில்லை. இந்த முறை "ஐயா, பாத்துச் சொல்லுங்க" என்றேன். "என்ன தம்பி புதுசா ஐயாங்கிறீங்க" என்று சிரித்துவிட்டுக் கத்திகளை வாங்கினார். கட்டைவிரலை வாயின் குறுக்கே லேசாக வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டையும் கல்லுல ரொம்ப நேரம் வச்சுட்டீங்க. வாயி சுருண்டு நிக்கிது. இன்னிக்கு நல்லாச் செரைக்கும், நாலு நாள்ல வுழுந்துரும்."

அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. நாலைந்து சவரத்துக்கு மேல் கத்தி தாங்கவில்லை. நான் கல்லைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எப்ப நிறுத்தணும்னு எப்படித் தெரியும்?"

"தண்ணியப் பாருங்க. கல்லு மேல தண்ணி இருக்குல்ல, கத்தியத் தள்ளும்போது மொதல்ல அது வாயிக்கு முன்னாடி ஓடும். அப்பறம் ஒரு நேரத்துல வாயித் தாண்டிக் கத்தி மேல ஏறும். வாயி நெடுக ஒரே மாரி ஏறுச்சுன்னா ஒக்காந்துருச்சு. அதுக்கப்பறம் பத்துத் தள்ளு. நிறுத்திப்புடணும்."

வீட்டுக்கு வந்து நுண்நோக்கி வைத்துப் பார்த்தேன். வாய் கல்லை முழுசாகத் தொடாதவரை, நடுவில் உள்ள இடுக்கு வழியாகத் தண்ணீர் அடியில் போய்விடுகிறது. முழுசாகத் தொட்டதும் போக வழியில்லாமல் மேலே ஏறுகிறது. கண்ணால் பார்க்கக்கூடிய, மைக்ரான் அளவிலான சோதனை. வெறும் தண்ணீர் போதும்.

அப்போ எந்தக் கல் வாங்குவது?

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் பரிந்துரை இது.

தொடக்கத்துக்கு 1000 எண்ணுள்ள தண்ணீர்க் கல் ஒன்று. பழைய கத்திக்கு வாய் கட்டும் வேலை முழுக்க இதில்தான். இங்கே அவசரப்பட்டால் பின்னால் எந்தக் கல்லும் காப்பாற்றாது. அடுத்து 4000, 8000 இரண்டும் ஒட்டிய நார்ட்டன் மாதிரியான ஒரு கல். 8000-லேயே நிறுத்தி, தோல்வாரில் நன்றாக இழுத்தால் முகத்துக்குப் போதும். ஆசைப்பட்டால் கடைசிப் படிக்கு ஒன்றே ஒன்று: 12000 நனிவாவோ, கோட்டிக்கூலோ, நல்ல சிலேட்டோ. சிலேட்டு என்றால் எல்லாத் துண்டும் ஆகாது. நகத்தால் வருடினால் மணல் தட்டக்கூடாது, நிறத்தில் கோடோ புள்ளியோ இருக்கக்கூடாது. வேண்டாத கத்தியில் முதலில் தேய்த்துப் பார்த்து, கீறல் தனியாகத் தெரிந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப்போடுங்கள்.

எந்தக் கல்லானாலும் மட்டமாக இருக்க வேண்டும். நடுவில் குழிந்த கல் வாயை உருட்டிவிடும். கண்ணாடித் தகட்டின் மேல் 220 எண் நீர்த்தாளை விரித்து, கல்லில் பென்சில் கோடு போட்டு, கோடு அழியும்வரை தேய்த்தால் மட்டமாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. சவரக்கத்தி ஒருவருக்கு ஒன்றுதான். வீட்டிலும் பகிரக்கூடாது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். அதற்குப் பின் வந்த வருஷங்களில் எங்கள் ஊர்ச் சலூனிலும் "புது பிளேடு போட்டாச்சா?" என்று கேட்பது வழக்கமானது. பாதியாக உடைத்த பிளேடைச் செருகுகிற பிடி வந்தது, தீட்டுகிற கத்தி போனது. கேட்டது நியாயம். ரத்தத்தில் பரவும் நோய்க்கு அதுதான் சரியான பாதுகாப்பு, இன்றைக்கும் சலூனில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனால் கத்தி போனபோது அதோடு கல்லும் போனது, தண்ணீர் வாயைத் தாண்டி ஏறுவதைப் பார்க்கிற கண்ணும் போனது. யாரும் உட்கார்ந்து எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எஷர் கல்லுக்கும் கோட்டிக்கூலுக்கும் புத்தகமும் படமும் இருக்கிறது. நாம் ஒருத்தர் சும்மா இருந்தால் "என்ன செரைச்சுக்கிட்டா இருந்தே" என்று கேட்கிறவர்கள். ஒரு மைக்ரானுக்கும் கீழே கையால் வேலை செய்கிற தொழிலின் பெயரை, வேலையே செய்யாததற்கு உவமையாக்கி வைத்திருக்கிறோம்.

அந்தச் சிலேட்டைத் திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். பெரியவர் வாங்கவில்லை. "பேரன் பிளேடு போடுறான், அவனுக்கு இது எதுக்கு, நீங்களே வச்சுக்கங்க" என்றார். என்னிடம் இப்போது ஆறு கல் இருக்கிறது. புழங்குவது மூன்று: 1000, 4000/8000, அப்புறம் இது. கடைசிப் பத்துத் தள்ளுக்கு இதைத்தான் எடுக்கிறேன். இப்போது கத்தி மூன்று வாரம் தாங்குகிறது.